பெரியவர் சொல்லிட்டார்ல!

டான்சிக் நகரத்து ஹெவலியஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. பீர் காய்ச்சி விற்று, வந்த காசை வானத்தில் விட்டவர். 1670-களில் அவர் வைத்திருந்த தொலைநோக்கியின் நீளம் 150 அடி! கம்பம் நட்டு, கயிறு கட்டி, ஆள் வைத்துத் தூக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்து கண்ணை வைக்கும் நேரம் பார்த்துக் காற்றடிக்கும். சனி கிரகம் சாமியாடும்.

எதற்கய்யா இவ்வளவு நீளம்? லென்ஸுக்கு ஒரு வியாதி உண்டு. வெளிச்சத்தை வளைக்கும்போதே கலர் கலராகப் பிரித்தும் விடும். நட்சத்திரத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாக விளிம்பு கட்டும். லென்ஸை ரொம்ப லேசாக வளைத்துத் தேய்த்தால் தொல்லை குறையும், நீளம் கூடும். ஆக, நிறம் போக வேண்டுமா? வீட்டு மதிலை இடி!

பஞ்சாயத்து நியூட்டனிடம் போனது. தண்ணீரையும் பட்டகத்தையும் வைத்துச் சோதித்தவர், வளைந்தால் நிறம் பிரிந்தே தீரும், மருந்தே கிடையாது என்று தீர்ப்பெழுதிவிட்டார். லென்ஸ் சகவாசமே வேண்டாம் என்று குழியாடி வைத்துக் குட்டித் தொலைநோக்கியும் செய்துகொண்டார். 1704-இல் ‘ஆப்டிக்ஸ்’ புத்தகத்தில் தீர்ப்பு அச்சேறியது. அப்போது ராயல் சொசைட்டி தலைவர் யார் என்கிறீர்கள்? அவரேதான். அப்பீலுக்கு எங்கே போக?

1727-இல் நியூட்டன் கண்ணை மூடினார். இரண்டே வருடத்தில் செஸ்டர் மூர் ஹால் என்ற வக்கீல் நிறக் குறையைத் தீர்க்கும் வேலையை ஆரம்பித்தார். அவர் வாதம் பிரமாதம்: மனுஷக் கண்ணுக்குள் பலவிதத் திரவங்கள் இருக்கின்றன, நமக்கோ நிற விளிம்பு தெரிவதில்லை, எனவே இரண்டு விதக் கண்ணாடியைச் சேர்த்தால் குறை தீரும். தீர்ந்தது! கிரௌன் கண்ணாடியில் ஒரு குவி லென்ஸ், ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடியில் ஒரு குழி லென்ஸ். அது பிரித்த நிறத்தை இது சேர்த்துவிட்டது. கூத்து என்னவென்றால், நம் கண்ணுக்கும் அதே வியாதி உண்டு. மூளைதான் மூடி மறைக்கிறது.

வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? ரகசியம் வெளியே போகக் கூடாதென்று ஒரு லென்ஸை ஸ்கார்லெட் என்பவர் கடையிலும், மற்றதை மான் என்பவர் கடையிலும் ஆர்டர் கொடுத்தார். இரண்டு கடைக்காரர்களும் வேலையை வெளியே தள்ளிவிட்டார்கள், ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம்! நம்ம ஊரில் எந்த டெய்லரிடம் சட்டை கொடுத்தாலும் காஜா எடுக்க ஒரே கடைக்குத்தானே போகிறது? இரண்டும் ஒரே பார்ட்டிக்கு என்று தெரிந்ததும் பாஸ் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். நிறம் போச்சு. ரகசியமும் போச்சு.

அடுத்து வருகிறார் ஜான் டாலண்ட். பட்டு நெசவாளி, மகன் பீட்டரின் கண்ணாடிக் கடையில் 1752-இல் பார்ட்னர் ஆனவர். அப்போது அவர் நியூட்டன் ரசிகர் மன்றத் தீவிரத் தொண்டர். நிறக் குறையைத் தீர்க்கலாம் என்று சொன்ன மாபெரும் கணித மேதை ஆய்லரையே எதிர்த்துக் கடிதம் எழுதினார். பிறகு கிளிங்கன்ஸ்டியர்னா என்ற ஸ்வீடன்காரர் நியூட்டனின் கணக்கு உதைக்கிறது என்று காட்ட, பாஸ் வழியாகவும் சங்கதி காதில் விழ, தானே சோதித்துப் பார்த்துக் கட்சி மாறினார். 1758-இல் பேட்டன்ட் வாங்கினார். அதே வருடம் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் வந்தது. எந்தப் பெரியவர் முடியாதென்றாரோ, அவர் தலைமை தாங்கிய அதே சொசைட்டி!

1761-இல் அப்பா போனதும் பீட்டர் போட்டிக் கடைக்காரர்கள் மேல் கேஸ் போட்டார். 35 கடைக்காரர்கள் சேர்ந்து, முதலில் செய்தது ஹால்தான், பேட்டன்டை ரத்து செய்யுங்கள் என்று மனுக் கொடுத்தும் பலிக்கவில்லை. முதலில் செய்தது ஹாலாகவே இருக்கட்டும். மேஜைக்குள் பூட்டிவைத்தவருக்குப் பலன் கிடையாது, ஊருக்குக் கொண்டுவந்தவருக்கே என்றது கோர்ட். ஹால் அப்போது உயிரோடுதான் இருந்தார், உரிமை கேட்டு வரவில்லை. சட்டம் படித்தவருக்குத் தோன்றாத பேட்டன்ட், தறி ஓட்டியவருக்குத் தோன்றியிருக்கிறது!

ஜான் டாலண்டின் மாப்பிள்ளை ஜெஸ்ஸி ராம்ஸ்டன் பெரிய கருவி விற்பன்னர். 1802-இல் லாம்டன் என்ற நில அளவையாளர் நம்ம சென்னைப் பரங்கிமலைப் பக்கம் நிலம் அளந்த எஃகுச் சங்கிலி அவர் செய்ததுதான். கல்யாணத்தின்போது அந்தப் பேட்டன்டில் ஒரு பங்கையே சீதனமாகக் கொடுத்தார்கள் என்பார்கள். பின்னாளில், 1789-இல், முதலில் செய்தது ஹால்தான் என்று ராயல் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? சாட்சாத் மாப்பிள்ளையேதான்.

நியூட்டனின் தீர்ப்பு தப்பு, ஹால் சொன்ன காரணம் தப்பு, டாலண்ட் முதலில் நின்ற கட்சி தப்பு. அந்த ஜோடி லென்ஸின் சூத்திரமும் இதேதான்: ஒன்றின் தப்பை இன்னொன்றின் தப்பு அடித்துவிட வேண்டும். பைனாகுலரிலிருந்து மைக்ராஸ்கோப் வரை இன்றைக்கும் இப்படித்தான் ஓடுகிறது. யாராவது ஒருத்தர் முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தால், பாவம், 35 பேருக்கு மனுப் போட வேலையே இருந்திருக்காது.