மூளை நார்மல்

எனக்கு மூளை இருக்கிறது. வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஃபிலிம் இருக்கிறது, கீழே ரேடியாலஜிஸ்ட் கையெழுத்தும் இருக்கிறது. படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது என்று போய் நின்றதில், எதற்கும் பார்த்துவிடலாம் என்று எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். காதுக்குள் இடம் மாறிப்போன சுண்ணாம்புத் துகள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பியே சரிசெய்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

பெருமூளை நார்மல். சிறுமூளை நார்மல். மூளைத்தண்டு நார்மல். கடைசியில், 'வயதுக்கேற்ற லேசான சுருக்கம்' என்று ஒரு வரி. என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்து, "ஏங்க, இது உங்களோடதுதானா? பேரு சரியா போட்டிருக்காங்களா பாருங்க" என்றாள்.

அவள் சந்தேகத்தில் விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. சுஜாதா மூளையைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குத் 'தலைமைச் செயலகம்' என்று பெயர் வைத்தார். கட்டடத்தில் விரிசல் இல்லை என்பதுவரைதான் ஸ்கேன் சொல்லும். உள்ளே ஃபைல் நகர்கிறதா என்பதைக் கூடவே குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் புகார் ஹிப்போகேம்பஸ் மேல். இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. புது விஷயங்களை நினைவில் பதிய வைப்பது இதன் வேலை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, தயிர் என்று மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புகிறேன். தெருமுனை திரும்புவதற்குள் பட்டியல் கரைந்துவிடுகிறது. ஆனால் 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 183, ஸ்ரீகாந்த் 38, வெஸ்ட் இண்டீஸ் 140 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதற்கு உடற்கூறியல் விளக்கம் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் அமிக்டலா, மனம் கிளர்ந்த சம்பவங்களை அழுத்திப் பதியச் சொல்லும். கறிவேப்பிலையில் என்ன கிளர்ச்சி இருக்கிறது என்று கேட்டேன். "தயிர் இல்லாம சாப்பிடறப்போ தெரியும்" என்றாள்.

ஹென்றி மொலேசன் கதையைச் சொல்லி அனுதாபம் தேடப் பார்த்தேன். அமெரிக்கர். 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, புது நினைவு எதுவும் தங்காமல் போனது. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறை வரும்போதும் அவருக்குப் புது ஆள்தான். ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கியபோது, கை நாளுக்கு நாள் தேறியது. பழகிய ஞாபகமே அவருக்கு இல்லை! கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடம் இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது இவரால்தான். மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "பாவம்ங்க அவரு, எடுத்துட்டாங்க. உங்களுக்கு அப்படியே இருக்கே!"

அடுத்தது பேச்சு. பெரும்பாலானவர்களுக்கு இடது முன்மூளையில் அமைந்திருக்கும் பேச்சுப் பகுதியை 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா அடையாளம் காட்டினார். அவர் பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் 'டான்' என்று மட்டுமே சொல்வாராம். இறந்தபின் பார்த்தால் அந்த இடம் சிதைந்திருந்தது. நானும் கல்யாணமான நாளிலிருந்து 'சரிம்மா' என்ற ஒரே சொல்லில்தான் குடும்பம் நடத்துகிறேன். எனக்குச் சிதைவு ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் பத்திரமாக இருக்கிறது.

சிறுமூளை இன்னும் அவமானம். மூளையில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. அதில் ஏறக்குறைய 6,900 கோடி, எடையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும் இந்தச் சிறுமூளைக்குள். அசைவுகளை அளந்து, நேரம் பார்த்து, பிசிறில்லாமல் நடத்தத்தான் இத்தனை கோடி. அத்தனை பேரும் வேலைக்கு வந்தும், அடுப்படியிலிருந்து ஹால் வரைக்கும் காபி டபராவில்தான் பாதி வந்து சேருகிறது.

இவ்வளவும் நார்மல் என்றால், வேலை எங்கேதான் ஒழுங்காக நடக்கிறது? ஸ்கேனில் எட்டிப்பார்க்காத இடத்தில்: தண்டுவடத்தில். நீளம் 45 செ.மீ. போல, பருமன் சுண்டுவிரல் அளவு. முதுகெலும்பின் கீழ்க்கோடி வரை போவதுகூட இல்லை, இடுப்பு முள்ளெலும்பு ஆரம்பிக்கிற இடத்திலேயே முடிந்துவிடும். அதன் பெருமையை எனக்கு உணர்த்தியது மாமனார் செய்துகொடுத்த தேக்குக் கட்டில்.

நடுராத்திரி, கரண்ட் இல்லை. வலது காலின் சுண்டுவிரல் கட்டில் காலில் போய் மோதுகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் கால் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அது தண்டுவடத்தின் சொந்த உத்தரவு. அதே நேரம் இடது கால் விறைத்து உடம்பைத் தாங்கிக்கொள்ளும். அதுவும் அங்கிருந்தே. இவ்வளவுக்கும் வீட்டுத் தலைவரைக் கேட்கவில்லை.

பிறகுதான் மேலே தகவல் போகிறது, அதுவும் இரண்டு வழியாக. 'ஏதோ மோதியது' என்ற தொடுவுணர்வு தண்டுவடத்தில் வலது பக்கமாகவே ஏறி, மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்துக்கு வந்த பிறகு இடது பக்கம் தாண்டும். 'வலிக்கிறது' என்ற செய்தி நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தாண்டி, இடது பக்கமாக ஏறும். தண்டுவடம் பாதி அறுபட்டவர்களுக்கு, அறுபட்ட பக்கத்தில் அசைவு போய், எதிர்ப்பக்கத்தில் வலி தெரியாமல் போவது இதனால்தான். மொரீஷியஸில் பிறந்த பிரவுன்-செக்வார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைக் கண்டுசொன்னார். உத்தரவு இறங்கும் வழியும் முகுளத்தில் குறுக்கே தாண்டுகிறது. பத்தில் ஒன்பது பங்கு இழைகள் அங்கே பக்கம் மாறுகின்றன. ஆகவே மோதியது வலது கால் என்றாலும் பொறுப்பு இடது மூளையுடையது என்று வாதாடிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை.

வலியும் இரண்டு தவணை. விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும் நரம்பிழை முதல் குத்தலைக் கொண்டுவரும். 2 மீட்டரைக்கூடத் தாண்டாத மெல்லிய இழையில் இரண்டாவது வலி ஆடி அசைந்து வரும். நடுவே ஒரு விநாடி போல அவகாசம். அசல் வலி கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அந்த ஒரு விநாடியில் நான் பெருமாளையும் முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறேன்.

அப்படியே உட்கார்ந்து விரலைத் தேய்ப்பேன். தேய்த்தால் தொடுவுணர்வு இழைகள் தண்டுவட வாசலில் வலியைக் கொஞ்சம் மறிக்கும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன்பின் இந்தக் கொள்கை பல திருத்தங்களைக் கண்டுவிட்டது, தேய்த்தால் குறைவது மட்டும் நிஜம். அதைவிட வலுவான மருந்து நடுமூளையில் இருக்கிறது. பயமோ ஆபத்தோ வந்தால் அங்குள்ள ஒரு சாம்பல்நிறப் பகுதி, 'இப்போது வலிக்கு நேரமில்லை' என்று முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கே உத்தரவு இறக்கும். உடம்பு தானே தயாரிக்கும் அபின் போன்ற சரக்கும் அதற்குத் துணை. போர்க்களத்தில் காயம்பட்டவர்கள் வலி தெரியாமல் ஓடியது இப்படித்தான்.

இருட்டில் கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். உத்தரவு உடனே இறங்கியது. வலி போன இடம் தெரியவில்லை.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. கால் கட்டில்ல லேசா பட்டுருச்சு."

"ஐயோ, நல்ல தேக்குங்க அது. டார்ச் அடிச்சுப் பாருங்க, பாலிஷ் போயிருக்கப் போகுது."