ரெண்டு மடை

ஐந்து போர்ட் ஸ்விட்ச் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி யாரும் ஆபீசுக்கு ஆள் சேர்க்க வேண்டாம். ஒரு போர்ட், ரவுட்டரிலிருந்து வரும் கேபிளுக்குப் போய்விடும். இன்னொன்று அடுத்த ஸ்விட்சுக்கு. மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால், 15 போர்ட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 10 போர்ட்டில் குடித்தனம் நடத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர், அதைச் செருக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மொத்தமாகப் பதினாறு போர்ட்டில் ஒன்று வாங்கியிருக்கலாமே என்றால், வாங்கியிருக்கலாம்தான். ஆனால் சின்ன ஆபீசில் யாரும் யோசித்து ஸ்விட்ச் வாங்குவதில்லை. ஆள் வருகிறார், நாற்காலி வருகிறது, பின்னாலேயே ஸ்விட்சும் வந்துவிடுகிறது.

நான் கணக்கு எழுதுவது பெரிய முதலியார்சாவடியில், ஒரு உப்பு வியாபாரியிடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை விட்டு வடக்கே வந்தால், ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் மொபெட்டில் கடந்துபோகும் ஊர். பேக்கரிக்குப் போர்டு உண்டு, அலைச்சறுக்குப் பயிற்சிக்குப் போர்டு உண்டு. எங்களுக்குப் போர்டு கிடையாது. மரக்காணம் அளத்திலிருந்து மூட்டை வரும், லாரியில் ஏறிப் போகும், நடுவில் பில் போடுவோம். உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இந்த நாட்டில் உப்பு வரியை எதிர்த்து 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்திருக்கிறார். அந்தப் புண்ணியத்தை முதலாளி இன்றும் சொந்த வெற்றியாகவே பேசுவார். ஸ்விட்சுக்கு 18 சதவீதம் என்று பில்லில் பார்த்த அன்றைக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

முன்னறையில் ஒரு ஸ்விட்ச், பின்னறை பீரோ மேல் ஒன்று, சவுக்குத் தோப்பு ஓரமாக இருக்கும் குடோனில் ஒன்று. முதலில் வாங்கியது முன்னறையில். அது நொடிக்கு 100 மெகாபிட் காலத்துப் பொருள். பின்னால் வந்த இரண்டும் அதைவிடப் பத்து மடங்கு வேகம், ஆனால் ரவுட்டருக்குப் போக இந்தக் கிழத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். எல்லா ஆபீசிலும் வாசலில் உட்கார்ந்திருப்பவர் இப்படித்தான் இருக்கிறார்.

கேபிளும் எங்களுக்கு ஒரு வியாதி. கடற்காற்றில் அதன் முனையில் இருக்கும் பின்கள் பச்சை பூத்துவிடும். கழற்றி, துடைத்து, ஊதி மாட்டுவதை அக்கவுண்ட்ஸ் அக்கா காலை பூஜையோடு சேர்த்தே செய்துவிடுவார். ஒரு இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தாமிரக் கேபிளின் சட்டம். குடோன் அதற்குள் அடங்கிவிட்டது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் கேபிள் பெட்டி 305 மீட்டர், அதாவது வெள்ளைக்காரன் கணக்கில் ஆயிரம் அடி. குடோனுக்கு இழுத்த பிறகும் பெட்டி கனமாகவே இருந்தது. வினை அந்தக் கனத்தில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி தனியாக வந்து, மிச்சக் கேபிளைக் குடோன் ஸ்விட்சிலிருந்து நேராக முன்னறை ஸ்விட்சுக்கு இழுத்து மாட்டிவிட்டார். பீரோ வழியாக ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, இது இரண்டாவது. "ரெண்டு மடை தொறந்தா பாத்தி சீக்கிரம் ரொம்பாதா?" என்பது அவர் கணக்கு.

திங்கட்கிழமை பில் போகவில்லை. பிரின்டர் பேசவில்லை. கேமராவில் லாரி பாதி கேட்டில் நின்றபடி உறைந்திருந்தது. ஆனால் மூன்று ஸ்விட்சிலும் எல்லா விளக்கும் ஒன்றாக, மூச்சு விடாமல் மின்னின. முதலாளிக்குப் பரம திருப்தி. "பாரு, எவ்ளோ வேல நடக்குது!"

வேலைதான் நடந்தது. ஒரு கம்ப்யூட்டர் பிரின்டரைத் தேடும்போது, "இந்த முகவரிக்காரர் யாருப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். ஸ்விட்ச் அந்தக் கூவலை, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். வட்டமாக வழி இருந்தால் அது சுற்றி வந்து மறுபடி அதே ஸ்விட்சுக்குள் நுழையும், மறுபடி எல்லோருக்கும் போகும். ஐ.பி. பாக்கெட்டுக்காவது ஆயுள் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யம் வந்தால் காரியம் முடிந்தது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டைத் தொடங்கியபோது எல்லா இயந்திரமும் ஒரே கேபிளில் தொங்கின. சுற்றி வர வழியே இல்லாத இடத்தில் சாவைப் பற்றி யார் யோசிப்பார்கள்? எங்கள் அக்கா எட்டரை மணிக்குக் கேட்ட ஒரே ஒரு பிரின்ட், பத்தரை மணிக்கும் உயிரோடு குடோனைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து 1985-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் டி.இ.சி. என்ற கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன், ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, வட்டத்தை உண்டாக்கும் வழியைத் தாமே அடைத்துக்கொள்ள ஒரு முறை வகுத்தார். ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். வேலை சீக்கிரம் முடிந்துவிட, மிச்ச நேரத்தில் அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதிவிட்டார். மலிவு ஸ்விட்சில் இந்த வசதி இருக்காது. இருந்தாலும் அளவு மீறினால் ஆபத்துதான்: 2002 நவம்பரில் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்விட்சுகளின் சங்கிலி நீண்டுபோய், ஸ்பேனிங் ட்ரீயே குழம்பி, நாள் கணக்கில் நெட்வொர்க் முடங்கியது. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். எங்களுக்கு அந்தத் துன்பம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது கரண்ட் போனதிலிருந்து கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் மேஜை மேலேயேதான் கிடக்கிறது.

கோட்டக்குப்பத்திலிருந்து நெட்வொர்க் தம்பி வந்தார். விளக்குகளைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கேபிளை உருவினார். பிரின்டர் காலையிலிருந்து சேர்ந்த பில்லையெல்லாம் கக்கியது.

"முதலாளி, மடையில வந்த தண்ணிய இன்னொரு மடை வழியா வாய்க்காலுக்கே திருப்பி வுட்டா உப்பு எப்படி வெளையும்?"

முதலாளிக்கு உடனே புரிந்தது. அந்த வேகத்தில் ஸ்பேனிங் ட்ரீ உள்ள இரண்டு ஸ்விட்சுக்குச் சம்மதித்துவிட்டார், 18 சதவீதத்தோடு. முன்னறையில் ஒன்று, குடோனில் ஒன்று, நடுவே நேராக இரண்டு கேபிள். மாட்டி முடித்தபோது ஒரு கேபிளின் விளக்கு பச்சை, மற்றதன் விளக்கு ஆரஞ்சு.

"ஒண்ணு வேல செய்யல."

"அது காவலுக்கு நிக்குது. இது அறுந்தா அது எடுத்துக்கும்." தம்பி பச்சையை உருவிக் காட்டினார். சில நொடியில் ஆரஞ்சு பச்சையானது.

"அப்ப ரெண்டும் நல்லாத்தான கீது. சும்மா நிக்கறதுக்கு நான் ஏன் துட்டு குடுக்கணும்? ரெண்டையும் ஓட்டு."

தம்பி தலையைச் சொறிந்தார். வழி இருக்கிறது, இரண்டு கேபிளை ஒரே கட்டாகக் கட்டி ஓட்டும் முறைக்கு 2000-லேயே தரம் வகுத்திருக்கிறார்கள். ஒரே வேலை இரட்டிப்பு வேகத்தில் போகாது, பல வேலைகள் இரண்டு கேபிளிலும் பங்கு பிரித்துக்கொண்டு போகும். லேப்டாப்பைத் திறந்து, இரண்டு ஸ்விட்சிலும் ஏதோ தட்டினார். இரண்டு விளக்கும் பச்சை.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு மடைன்னு நான் அப்பவே சொன்னேன்ல? ஐடியா என்னுது. அதுக்கு உண்டானத உன் கூலில கழிச்சுக்க."