சென்ட் என்ன விலை?

பழைய வீட்டுக்குள் கால் வைத்ததும் நம் வாயில் முதலில் வருகிற கேள்வி அதுதானே? போன ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்தில், பாரதி பிறந்த வீட்டு வாசலிலேயே என் சகலை கேட்டுவிட்டார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நான் அவரைக் கோவில்பட்டியிலிருந்து கூட்டிப்போனதே, கல்கி பணம் திரட்டிக் கட்டி, 1947-ல் ராஜாஜி திறந்துவைத்த பாரதி மணிமண்டபத்தின் கதையைச் சொல்லத்தான். அதற்கு வருகிறேன்.

செருப்பைக் கழற்றும்போதே, "மொத்தம் எத்தனை சென்ட் தேறும், சகலை?" என்றார். உள்ளே போய்க் கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார். "தேக்கா இருக்குமோ?" சுவரை முழம் போட்டார். "கரிசல்ல இது எப்படி இத்தனை வருஷம் நிக்குது?" (இது நியாயமான கேள்வி. மழைக்கு உப்பி, வெயிலுக்குக் கை நுழைகிற அளவு வெடிக்கிற மண். எங்கள் வீட்டில் விரிசல் ஓடாத சுவரே கிடையாது.) "முன்பக்கத்தைக் கொஞ்சம் இடிச்சா கார் நிக்கும். மாடி எடுத்து ஒத்திக்கு விடலாம். கீழே ஒரு ஏடிஎம்."

"1882 டிசம்பர் 11-ல் பாரதி பிறந்த வீடு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப நூத்திநாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சா? தேய்மானம் போக கட்டடத்துக்கு மதிப்பே இல்ல. மண்ணுக்குத்தான் காசு."

பாரதியின் அப்பா சின்னசாமி ஐயர் இந்த ஊரில் பஞ்சாலை வைத்து நொடித்துப்போனார், 1898-ல் இறந்தார் என்றேன். சகலை முகத்தில் அப்போதுதான் துக்கம் தெரிந்தது. "ஐயோ! ஆலை இருந்த இடம் என்ன ஆச்சு?"

வெள்ளைக்காரன் கைக்குச் சிக்காமல் 1908-லிருந்து பத்து வருஷம் பாரதி புதுச்சேரியில் இருந்ததையும் சொல்லிப் பார்த்தேன். "வாடகை வீடா? பத்து வருஷமா? அப்பவே பாண்டியில ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே!"

சொன்னால் என்ன, எத்தனை சென்ட் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். அவர் முந்திக்கொண்டு கேட்டதுதான் ஆத்திரம்.

மணிமண்டபத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது. வழியில் ஒரு பிளாட் விளம்பரப் பலகையைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எட்டயபுரம் கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும், போய்ப் பாருங்கள். பாரதி வீடு அரசு நினைவு இல்லம், விற்பனைக்கு இல்லை. சகலை இருந்தால் கடலைமிட்டாய்க் கடையிலேயே இறக்கிவிட்டுப் போங்கள்.