டெய்சிக்கு வேலை: திம்புள்ளைப் பள்ளத்தாக்கின் சிறு பூந்தோட்டங்கள் குறித்த ஓர் ஆய்வு

குறிஞ்சிப்பாட்டில் மலைநிலத்துப் பூக்களை அடுக்கிக்கொண்டே போன கபிலர் 99 இல் நிறுத்திக்கொண்டார். காலியாகக் கிடந்த அந்த நூறாவது இடத்துக்கு இன்று இலங்கை மலையகத்துத் திம்புள்ளையில் ஒரு பூ விண்ணப்பித்திருக்கிறது. விண்ணப்பித்ததோடு நில்லாமல், பதில் வருமுன்பே இடத்தையும் பிடித்துவிட்டது. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தெருவோரக் கல்லுக்கட்டுகளிலும், கான் ஓரங்களிலும், கோயில் படிகளின் இடுக்குகளிலும், லயத்து வாசல்களிலும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சிரிக்கும் அந்தச் சிறு டெய்சியே இவ்வாய்வின் பொருள். மலையகத்தின் சம்பளம், வீடு, காணி ஆகியவை பற்றி ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன. டெய்சியைப் பற்றி முறையான விசாரணை இதுவரை கண்ணில் படவில்லை. இது சிறிய குறை என்று எண்ணுவோர் தங்கள் வாசலில் ஒரே ஒரு செடியை நட்டுவிட்டு இரண்டு மழைக்காலம் பொறுத்திருக்கலாம்.

முதலில் ஆய்வுக் களத்தின் பரப்பை வரையறுக்க வேண்டும். பூந்தோட்டம் என்று இங்கே சொல்லப்படுவது பங்களாத் துரையின் புல்வெளி அல்ல. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் அது முன்புற இஸ்தோப்புக்கும் கானுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு பட்டை மண். புதிய தனி வீடுகளில் கொஞ்சம் கூடுதல். அவற்றுக்குக் கொடுத்த 7 பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி; அதில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டைக் கழித்தால் 1,350 மிஞ்சும். மரக்கறிப் பாத்தி, கோழிக்கூடு, விறகு, நடைபாதை, துணி காயப்போடும் கொடி ஆகியவை தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பூவுக்கு ஒதுங்குவது ஒரு பாய் விரிக்கும் இடந்தான். பரவும் குணமுள்ள ஒரு செடியை இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏக்கர்க் கணக்கில் நிலம் உள்ளவர்கள் எழுதிய தோட்டக்கலை நூல்கள் இங்கே உதவாததன் காரணமும் அதுவே.

செடியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். கார்வின்ஸ்கி என்ற பவேரிய இயற்கை ஆய்வாளரின் பெயரை அதற்கு இட்டு, 1836 இல் தாவரவியலில் பதிந்தார்கள். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததால் அது ஒரு பூப் போலத் தோன்றினாலும் ஒரு பூ அல்ல. பல சிறுபூக்கள் கூடிய ஒரு சபை. வெள்ளை இதழ் என்று நாம் எண்ணும் ஒவ்வொன்றும் தனிப் பூ; விளிம்பில் மட்டும் நாற்பதுக்குக் குறையாது. நடுவிலுள்ள மஞ்சளில் இன்னும் பல. ஒவ்வொன்றும் ஒரு விதையைத் தரக்கூடியது, ஒவ்வொரு விதைக்கும் பறப்பதற்கு மயிர்க்கற்றை உண்டு. இது போதாதென்று, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை வைக்கும் ஆற்றலும் இதற்கு இருப்பதாகக் கருவியலார் கண்டிருக்கிறார்கள். சாதகம் பார்க்காமல், சீர் கேட்காமல், மாப்பிள்ளையே இல்லாமல் குடும்பம் பெருக்கும் செடியோடு மனிதர் போட்டியிடுவது கடினம். மண்ணைத் தொட்ட தண்டும் வேர்விடும். ஆக, காற்று, மண் என்ற இரு வழியிலும் அது பயணச்சீட்டு வாங்கியாயிற்று.

இவ்வளவும் செடியின் திறமையை விளக்குமே தவிர அதன் வெற்றியை விளக்காது. இதே குடும்பத்தில், இதே மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்த இன்னொரு பூ இருக்கிறது: செண்டுப்பூ. அதுவும் ஏராளமாக விதை வைக்கிறது, அதையும் நட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆனாலும் செண்டுப்பூ எங்கள் கல்லுக்கட்டைப் பிடித்துவிட்டதாக யாரும் முறையிடுவதில்லை. காரணம், அதற்கு வேலை இருக்கிறது. மாரியம்மன் தேர், தோரணம், தீபாவளி, கல்யாணப் பந்தல் என்று பூத்த நாளிலிருந்து அதைக் கிள்ளுவதற்குக் கை காத்திருக்கிறது. டெய்சிக்கோ மணமில்லை, தொடுப்பதற்குக் காம்பில் உரமில்லை, கொண்டையில் வைத்தால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் வாடிவிடும். சாமியும் கேட்பதில்லை, பெண்களும் கேட்பதில்லை. ஆகவே அது முழுநேரமும் விதை உற்பத்தியில் ஈடுபடுகிறது. இங்கிருந்து இவ்வாய்வின் கோட்பாடு பிறக்கிறது: ஒரு செடி பரவுவதற்கு மூலகாரணம் அதன் வேலையின்மை. நாயுண்ணியும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக மட்டுமே இத்தீவுக்கு வந்தவை. ஆகாயத்தாமரையை அடக்க 1909 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அழகு ஒன்றையே தகுதியாகக் கொண்டு வருபவர்களை எந்த நாடும் கொஞ்சம் கவனமாகவே பார்க்க வேண்டும்.

காட்டுச் சூரியகாந்தி பசளைக்கு வெட்டப்படுகிறதே, அதுவும் மெக்சிகோக்காரன்தானே, வேலை பார்த்தும் தெருவோரமெல்லாம் பரவி நிற்கிறதே என்று ஒரு தடை எழலாம். அது எங்கே பரவி நிற்கிறது என்று பார்த்தால் தடை தானாக விழும். வெட்டுகத்தி போகும் மலையில் அது அடங்கியிருக்கிறது; கத்தி எட்டாத பள்ளத்தில்தான் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. வேலை என்பது பதவியின் பெயரல்ல, அன்றாடம் நடப்பது.

இனிப் பரபக்கம். சைவ சித்தாந்திகள் பிறர் மதத்தை மறுத்த பிறகே தம் மதத்தைச் சொன்னார்கள். அந்த ஒழுங்கு இங்கும் தக்கது. முதலில் வருபவர்கள் வேரறுப்பு வாதிகள். சுரண்டியை எடுத்து ஒரே நாளில் அடியோடு வழித்தெடுத்தால் தீர்ந்தது என்பது அவர்கள் கொள்கை. இந்தக் கொள்கைக்கு இம்மலையில் நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக் காலத்துத் துரைமார் மலையில் ஒரு புல் தெரிந்தாலும் மானம் போனதாக எண்ணி, மாதக் கொந்தரப்பில் மண்ணை நிர்வாணமாக்கினார்கள். மழை வந்து அந்த மேல்மண்ணை ஆற்றுக்கு எடுத்துச் சென்றது. 1931 இல் மண்ணரிப்புக் குழு அறிக்கை எழுதியது, 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் மண்ணைப் போர்த்தி வைக்கவே சொல்கிறது. ஒரு முழு மாவட்டமே பாடம் படித்த பிறகு, பாயளவு வாசலில் அதே பிழையை மறுபடி செய்வது பழமை மீதுள்ள பற்றாகவே இருக்க முடியும். தென்மேல் பருவமழையில் கல்லுக்கட்டின் இடுக்கு மண்ணைப் பிடித்து நிற்கும் வேர்களில் டெய்சியின் வேரும் ஒன்று. அதை முழுதாகப் பிடுங்கினால் செடி போகும். பின்னால் கல்லும் போகும்.

இரண்டாவது, மருந்தடிப்பு வாதிகள். இவர்களுக்கு அரசே ஒரு காலத்தில் பதில் சொன்னது. கிளைபோசேட்டை 2015 இல் தடைசெய்த அரசு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு அளித்தது. லயத்து டெய்சியைப் பற்றி அந்த வர்த்தமானி மூச்சு விடவில்லை. 2022 இல் தடையே நீங்கிவிட்டது. சட்டம் எப்படியிருந்தாலும், மேட்டு லயத்து வாசலில் அடித்த மருந்து கான் வழியே பணிய லயத்துப் பீலியை நோக்கித்தான் இறங்கும். பூவோடு பகை, அயலோடும் பகை என்றால் இலாபம் யாருக்கு? மூன்றாவது, விட்டுவிடு வாதிகள். காசில்லாமல் கிடைத்த அழகை ஏன் தொடவேண்டும் என்பது அவர்கள் வாதம். அழகு உண்மைதான். ஆனால் இவர்கள் சொல்கிறபடி இரண்டு ஆண்டு விட்டால், மற்றப் பூமரங்கள் போய், மல்லிக்கீரைப் பாத்தியும் போய், டெய்சியைப் பாராட்ட நிற்பதற்கும் இடம் மிஞ்சாது.

சித்தாந்தம் இனி எளிது. அதைத் தேட வெளியே போகவேண்டியதில்லை. வாசலுக்கு எதிரே மலை முழுதும் விரிந்து கிடக்கிறது. தேயிலை இயல்பில் ஒரு மரம். கைவிடப்பட்ட மலைகளில் அது வீட்டுக் கூரையைத் தாண்டி வளர்ந்து, பூத்து, காய்த்து நிற்பதைக் காணலாம். அதை இடுப்பளவில் நிறுத்தியிருப்பது ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை வரும் விரல்களும், நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் கவ்வாத்துக் கத்தியுந்தான். வேரைத் தொடாமல் நுனியை ஆளும் இந்த முறையால், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் ஒரு நாட்டின் வருமானமாயிற்று. டெய்சிக்கும் இதுவே மருந்து. செடியே இதற்குக் குறிப்பும் தருகிறது: மலரும்போது வெள்ளை, முதிர முதிரச் சிவப்பு. ஆகவே வெள்ளையில் விடு, சிவப்பில் கிள்ளு. கொழுந்துச் சுற்றுப் போல வாரம் ஒருமுறை சிவந்த தலைகளைக் கிள்ளினால் விதை காற்றேறாது. சனவரியில் திம்புள்ளையின் வறண்ட காற்று தொடங்குமுன் கத்தியால் ஒரு மட்டம் வெட்டிவிட வேண்டும். மண்ணைத் தொட்ட தண்டுகளை எல்லையில் அறுத்து, கல்லுக்கட்டில் மட்டும் இருக்க விட வேண்டும். கல்லைப் பிடிப்பது அதன் உத்தியோகம். பாத்தியில் அதற்கு வேலையில்லை.

உழைப்பவருக்கு இடமுண்டு என்ற இந்தக் கோட்பாட்டை வேறெங்காவது சொல்லலாம், திம்புள்ளையில் சொல்லலாமா என்பது பரபக்கத்தாரின் வலுவான தடை. கோப்பிக்கும் தேயிலைக்கும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களை இலட்சக் கணக்கில் எண்ணி, இரு கரைக்கும் பங்கு வைத்தார்கள். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003 இல் வந்தது. டெய்சியோ ஒரு நாள் வேலைசெய்யாமல், ஒரு படிவம் நிரப்பாமல், இலங்கைத் தாவரங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இந்தத் தடைக்கு மறுப்பு இல்லை, ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆகவே கோட்பாடு செடிகளோடு நின்றுவிடுகிறது. செடிக்கு நாம் வேலையை நிபந்தனையாக்கலாம். மனிதர் ஒரு மண்ணில் இருப்பதற்கு அந்த நிபந்தனையை விதித்ததும் பிழை, அதை நிறைவேற்றிய பிறகும் மறுத்தது அதைவிடப் பெரும் பிழை.

கடைசித் தடை நடைமுறை பற்றியது. காலையிலிருந்து மாலைவரை கொழுந்தெடுத்து, கூடையைத் தராசில் இறக்கி, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணிடம் டெய்சியையும் கிள்ளு என்றால், செடிக்கு வேலை கொடுத்ததாகாது, அவளுக்கு இன்னொரு மலையைக் கொடுத்ததாகும். தடை முற்றிலும் சரி. ஆனால் இதற்கு வேண்டிய ஆட்பலம் தோட்டத்திலேயே இருக்கிறது. கவ்வாத்து, கான் வெட்டு, முள்ளுக்குத்து ஆகிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் பிற்பகலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு மதகுக்கட்டில், கடை வாசலில், கரம் பலகையைச் சுற்றி, கோயில் திண்ணையில் அவர்கள் எவ்வளவு தூரம் பரவுகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. வேலையின்மையே பரவலுக்குக் காரணம் என்ற நம் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்று தாவர உலகத்திலும் கிடைக்கவில்லை. ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: வாரம் ஒரு பிற்பகல், லயத்துக்கு ஓர் ஆண் வீதம், சிவந்த டெய்சி கிள்ளுவதற்குப் பேர் போடப்பட வேண்டும். ஒரே ஏற்பாட்டில் இரண்டு பரவல்களும் கட்டுக்குள் வரும்.