எப்போதாவது உதவும்

தமிழ்நாட்டு வீடுகளில் எந்தப் பொருளும் குப்பையாவதில்லை. அது ‘எப்போதாவது உதவும்’ என்னும் நிலையை அடைகிறது. இந்நிலையை எய்திய பொருள் முதலில் பரணுக்கும், பரண் நிறைந்தபின் மொட்டை மாடிக்கும், அதுவும் நிறைந்தபின் கொல்லைக்கும் குடிபெயர்கிறதே அன்றிக் காயலான் கடைக்குப் போவதில்லை. ஏனெனில் கடைக்காரர் சொல்லும் விலை பொருளுக்கு மட்டுமன்றி, அதை இத்தனை ஆண்டுகள் காத்து வந்தவருக்கும் அவமதிப்பாகத் தோன்றுகிறது.

சட்டத்தில் இந்நிலைக்கு இடமில்லை. சட்டம் அறிந்த சொல் ‘தொல்லை’ என்பதே. 1939ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டு, இன்று தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என வழங்கும் சட்டம், உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடைமைக்கும் கேடு தருவதோடு நில்லாமல், கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் உறுத்தலானதையும், உறக்கத்தைக் கெடுப்பதையும் தொல்லை என வரையறுக்கிறது. இவ்வளவு விரிந்த வரையறையில் நெருங்கிய உறவினர் பலர் அகப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் செயல், செய்யத் தவறுதல், இடம், பொருள் ஆகியவற்றை மட்டும் சொல்லி, ஆளைத் தனியே சொல்லாமல் விட்டதால் அவர்கள் தப்பினர்.

பழம்பொருளைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் முதன்மை எதிரி ஏடிஸ் கொசு, அதாவது டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு. இது சாக்கடையை நாடாமல், தேங்காய் ஓடு, பழைய டயர், உடைந்த குடம், கைவிடப்பட்ட ஆட்டுக்கல் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் அது ஒட்டிவைக்கும் முட்டைகள், நீர் வற்றினாலும் பல மாதங்கள் உலர்ந்தபடி காத்திருந்து, அடுத்த மழையில் பொரிகின்றன. ‘எப்போதாவது உதவும்’ என்னும் கொள்கையை வீட்டுக்காரருக்கு நிகராகக் கடைப்பிடிக்கும் உயிரினம் இது ஒன்றே எனலாம். பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே பறந்து திரிவதாலும், பட்டாவில் கண்ட எல்லையை அது மதிப்பதில்லை என்பதாலும், ஒருவர் சேமித்த டயரின் பலனை அவரோடு அவருடைய அண்டை வீட்டாரும் சரிசமமாக அனுபவிக்கின்றனர்.

மற்றொரு தொல்லையான புதரின் கதை வேறு. நகர்ப்புறக் காலிமனை என்பது ஒன்றும் செய்யாமலேயே விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கப்பட்டு, உண்மையிலேயே ஒன்றும் செய்யாமல் விடப்படும் நிலம் ஆகும். அதில் விலையோடு சேர்ந்து சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் ஏறுகின்றன. சீமைக்கருவேலத்தை அகற்றுமாறு 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே ஆணையிட்டபோதிலும், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பது அதன் இயல்பாதலால், வேரோடு பெயர்க்காதவரை அந்த ஆணையை அம்மரம் ஏற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை.

உள்ளாட்சியின் வழிமுறை எளியது: உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புவது, கெடு கொடுப்பது, அவர் செய்யாவிட்டால் தானே செய்து செலவை அவரிடம் வசூலிப்பது. இதிலுள்ள ஒரே சிக்கல் உரிமையாளர். அவர் வெளிநாட்டில் இருப்பார். அல்லது நான்கு சகோதரர்களாக இருந்து, பாகப்பிரிவினை வழக்கு முடியும்வரை அந்த நிலத்தில் ஒரு செடியைத் தொடவும் ஒருவரை ஒருவர் அனுமதிக்காதிருப்பார். உரிமைத் தகராறால் ஆளின்றிக் கிடந்து தொல்லையாகும் மனைகளைச் சென்னை மாகாண நகராட்சிச் சட்டம் 1920லேயே குறிப்பிட்டிருப்பதை நோக்கினால், அதை வரைந்தவர்கள் இந்நாட்டுச் சகோதர பாசத்தை நன்கு ஆராய்ந்தவர்கள் என்பது புலனாகும்.

அமெரிக்க நகரங்கள் பல புதர்ச் சிக்கலை அங்குலக் கணக்கால் தீர்க்க முயல்கின்றன. ஃபுளோரிடா மாநிலத்தின் டனீடின் நகரத்தில் புல் 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2018இல் அதைத் தாண்டவிட்ட ஒரு வீட்டுக்காரருக்கு நாளுக்கு 500 டாலர் வீதம் ஏறிய அபராதம் ஏறத்தாழ 30,000 டாலரைத் தொட்டது. புல்லை விட அபராதம் வேகமாக வளர்ந்த இம்முறையை இங்கே கொண்டுவருவது கடினம். நம் காலிமனைகளை அளக்க அடிக்கோல் போதாது, ஏணி வேண்டும்.

இவற்றையெல்லாம் கற்றறிந்த இக்கட்டுரையாசிரியரின் கொல்லையிலும் ஓர் ஆட்டுக்கல் உண்டு. மின்சார கிரைண்டர் வந்த நாளிலிருந்து அது எப்போதாவது உதவக் காத்திருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் கொசுப்புழு தேடி வந்த சுகாதார ஆய்வாளர், அதில் நெளிந்தவற்றைச் சுட்டிக்காட்டிவிட்டு, துணைக்கு வந்த இருவரைக் கொண்டு அதைக் கவிழ்க்கச் செய்தார். பின்னர் உட்கார வேறு இடமில்லாமையால் அதன்மீதே வசதியாக அமர்ந்து, நிதானமாக நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். ஆட்டுக்கல் உதவிவிட்டது என்பதற்கு அந்த நோட்டீஸே எழுத்துமூலமான சான்று என்று வாதிட்டு, அவ்வீட்டின் மூத்தோர் அதைப் பரணில் பத்திரப்படுத்தியுள்ளனர்.