நிர்வாக சபையின் கைங்கரியம்

ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தும் தர்ம ஸ்தாபனங்கள் சிலவற்றின் நிர்வாக சபையார், ஆற அமரக் கூடி, முந்திரிப் பக்கோடாவின் மொறுமொறுப்பைப் பற்றி ஏகமனதாக அபிப்பிராயம் தெரிவித்து, வரவு செலவுக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டுக் கலையும் காட்சி, காணக் கண் கோடி வேண்டும். பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறைவாசம் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மிரட்டுவதால், பதிவுச் சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளக்கும். ஆனால் ஆலோசனைப் பெட்டி? குழந்தைகளுக்கு எளிதில் எட்டும்படி, அலுவலகத்துக்கு அப்பால், படுக்கையறைகளை ஒட்டி அதை வைக்க வேண்டுமென்றும், சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க, வாராவாரம் குழந்தைகள் குழுவினரின் முன்னிலையில் திறக்க வேண்டுமென்றும் 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் சொல்ல, நம்மவர்களோ அதைக் கண்காணிப்பாளரின் நாற்காலிக்கு நேர் மேலே, ஸ்தாபகரின் மாலையணிந்த படத்துக்குப் பக்கத்தில் (அவருக்காவது ஏதேனும் ஆலோசனை தோன்றலாம் அல்லவா!) மாட்டிவிடுகிறார்கள். “புகார் ஏதும் வரவில்லை” என்று காரியதரிசி வாசிக்க, சபை மேஜையைத் தட்டி மகிழ்கிறது. நாலாம் வகுப்புச் சிறுமிக்கு எட்டும்படி ஒரு ஸ்டூலாவது வாங்கிப் போடலாமே என்று எவரேனும் பிரேரணை கொண்டுவந்தால், அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லையென்று பொருளாளர் வெகு விநயமாக ஆட்சேபிக்கிறார்.