விழாவில் எதைப் பார்ப்பது?

கேள்வி (திருவண்ணாமலை வாசகர்): விளையாட்டுத் தொடக்க விழாக்களில் அரசியல் விமர்சகர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

பதில்: பேனரை! 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதற்கு முன்பே, விளம்பரங்களில் பிரதமர் படம் எங்கே என்று சண்டை. பா.ஜ.க.வினர் ஒட்டினார்கள், எதிர்த்தவர்கள் கறுப்பு பூசினார்கள். குடியரசுத் தலைவர், பிரதமர் படங்கள் இடம்பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டிவந்தது.

பிரதமர் சதுரங்கக் கரை வேட்டியில் வந்தார். அதிலும் அரசியல் தேடினார்கள். உங்கள் ஊர் கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியை விட்டுவிட்டு கட்அவுட்டைப் பார்ப்பது போலத்தான் இது.

போட்டிகள் நடந்த மாமல்லபுரத்தில் 16 வயது இந்திய வீரர் குகேஷ் தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்று, முதல் பலகையில் தங்கம் பெற்றார். விவாதிக்க வேண்டியது அந்த நகர்த்தல்களை!